இரண்டாவது பிள்ளைக்கு முன்னால்

பாப்பாவுக்கு,

ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நஞ்சு கீழே இறங்கி இருக்கு' என்று சொன்னார்களாம். அதைக் கேட்டதும் உன் மாமியார், பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் பிரசவத்தோடு கர்ப்பப்பையையும் எடுத்த கதையை எடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா சொல்கிறாள். முதலில் சாப்பிடு. போனில் பேசினால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். இதில் பாதி அவருக்குத்தான்.

பெரியம்மா வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி லேபர் வார்டிலும் அதை ஒட்டிய தியேட்டரிலும் போனது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் ஊரில் இரண்டு விதமாகத்தான் பேசுவார்கள். ஒன்று, டாக்டர் அவசரப்பட்டுவிட்டார் என்பார்கள். இல்லாவிட்டால் அவள் தலையெழுத்து என்பார்கள். இரண்டையும் நான் ஒப்புவதில்லை. தியேட்டருக்குள் அந்த முடிவை எடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் ஒரு பெண்ணை அந்த நிமிடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற காரணங்களில் பல, மாதக்கணக்கில் முன்பே, சில சமயம் வருடக்கணக்கில் முன்பே தொடங்கியிருக்கும். முந்திய பிரசவம் எப்படி ஆனது, நடுவில் கரு கலைந்ததா, கலைத்ததா, உடம்பில் ரத்தம் எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரியில் பதிந்தாள் என்பதையெல்லாம் யாரும் அந்த நிமிடத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நீ இப்போதே சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பெரிய கடிதம்.

பயம் தெளிய ஒரு கணக்கு சொல்கிறேன். பிரசவத்தின்போது அவசரமாகக் கர்ப்பப்பையை எடுக்க நேர்வது ஏறத்தாழ ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்கிற அளவில்தான். இடத்துக்கு இடம் கூடும், குறையும். நான் இருந்தது சுற்று வட்டாரத்தில் எங்கே சிக்கல் என்றாலும் 108-இல் ஏற்றி அனுப்புகிற பெரிய ஆஸ்பத்திரி. அங்கே அடிக்கடி பார்த்தோம் என்பதற்காக அதை ஊர்க் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாமியார்கள் சொல்லும் கணக்கை எடுத்துக்கொள்ளவே கூடாது.

ஏன் எடுக்கிறார்கள் என்பது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நிறைமாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் கர்ப்பப்பைக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போகிறது. உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஐந்தாறு லிட்டர்தான். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்தபடி நிற்கும். கர்ப்பப்பையின் தசை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். அதனால்தான் பிள்ளை பெற்றவளின் வயிற்றை நர்ஸ்கள் அடிக்கடி அழுத்திப் பார்ப்பது. வலிக்கிறதென்று கையைத் தட்டிவிடுவார்கள், திட்டுகூட வாங்கியிருக்கிறேன். கைக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் நிம்மதி. தொளதொளவென்று இருந்தால் தசை சோர்ந்துவிட்டது என்று அர்த்தம், ரத்தம் நிற்காது. இரட்டைப் பிள்ளை, பனிநீர் அதிகம், பெரிய குழந்தை, மணிக்கணக்கில் இழுத்த வலி, நெடுநேரம் ஏறிய வலி டிரிப், பல பிரசவம் கண்ட வயிறு ஆகியவற்றுக்கெல்லாம் இந்தச் சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல். இதில் ஒன்றுமே இல்லாத, இருபத்திரண்டு வயதுத் தலைப்பிரசவக்காரிக்கும் வரும். அதனால் 'எனக்கு ஒரு ரிஸ்க்கும் இல்லை' என்று யாரும் வீட்டில் பிள்ளை பெறப் பார்க்க வேண்டாம்.

இன்னொரு பெரிய காரணம் தழும்பு. உனக்கு நேராகப் பொருந்துவது இதுதான். ஒரு முறை வெட்டித் தைத்த இடத்தில் கர்ப்பப்பையின் உள்சவ்வு பழையபடி முழுதாக வளராமல் போகலாம். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சரியாக அந்தத் தழும்பின் மேல் போய் உட்கார்ந்தால், எல்லை தெரியாமல் தசைக்குள் வேர் விடும். சில சமயம் தசையையும் தாண்டி மூத்திரப்பை வரைக்கும் போகும். கோயில் மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் பெயர்ந்து வருவது போலத்தான், அந்த நஞ்சை இழுத்தால் ரத்தம் கொட்டும். அப்போது நஞ்சை அப்படியே விட்டுக் கர்ப்பப்பையோடு சேர்த்து எடுப்பதுதான் பல இடங்களில் பத்திரமான வழி.

அமெரிக்காவில் சிசேரியன் ஆன முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006-இல் வந்தது. நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைத்துக் கீழே கிடக்கிற பெண்களில், முன்பு சிசேரியனே ஆகாதவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான் அது ஆழமாக ஒட்டியிருந்தது. முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 11 பேர். இரண்டு ஆனவர்களில் 40 பேர். மூன்று ஆனவர்களில் 61 பேர். நஞ்சு எங்கே இருந்தாலும் சரி என்று மொத்தமாகப் பார்த்தால், இரண்டாவது சிசேரியனில் கர்ப்பப்பையை இழந்தவர்கள் ஆயிரத்துக்கு 4 பேர். நான்காவதில் நூற்றுக்கு 2 பேருக்கு மேல். இந்தக் கணக்கை வார்டில் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் நம் மாநிலத்தை நினைத்துக்கொள்வேன். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16-இல் தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 34 சிசேரியன். 2019-21-இல் அது 45-ஐத் தொட்டுவிட்டது. தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 64.

சிசேரியன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. உன் மூத்தவன் குறுக்கே கிடந்தான். அன்று வெட்டாமல் இருந்திருந்தால் இன்று அவனும் இல்லை, நீயும் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது நட்சத்திரத்துக்காக வெட்டுகிறவர்கள்மேல்தான். ஜோசியர் குறித்துக் கொடுத்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தியேட்டர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிற தாத்தாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பேரனுக்கு நல்ல லக்னம் கிடைத்துவிடும். அந்தத் தழும்பு மருமகளோடு அடுத்த பிரசவத்துக்கும், அதற்கடுத்த பிரசவத்துக்கும் போகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர்களும் சில இடங்களில் வாயைத் திறப்பதில்லை.

சிசேரியன் மட்டுமல்ல, திரும்பத் திரும்ப டி அண்ட் சி செய்வதும், கட்டிக்காகக் கர்ப்பப்பையைத் திறந்து தைப்பதும் தழும்புதான். உன் சிநேகிதிகளுக்கு ஒன்று சொல்லிவை. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற கருக்கலைப்பு மாத்திரையைத் தழும்புள்ள வயிற்றுக்காரி தானாக எடுத்துக்கொள்வது விபரீதம். மாதம் கூடக்கூட, கர்ப்பப்பை கிழியும் அபாயமும் கூடும். டாக்டர் பார்வையில் செய்ய வேண்டிய காரியம் அது.

இனி உன் விஷயம். ஐந்தாம் மாதத்தில் நஞ்சு கீழே இருப்பதாகச் சொல்லப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, கர்ப்பப்பை விரிய விரிய அது மேலே போய்விடும். ஆகவே இன்றைக்கே அழ வேண்டியதில்லை. ஆனால் உனக்குத் தழும்பு இருப்பதால் மற்றவர்களைப் போல 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடவும் முடியாது. ஸ்கேன் எடுக்கிற டாக்டரிடம் நேராகவே கேள்: நஞ்சு முன்சுவரில் இருக்கிறதா, பழைய தழும்பின் மேல் இருக்கிறதா, தசைக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி தெளிவாகத் தெரிகிறதா? 32 வாரத்தை ஒட்டி மறுபடி பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் கலர் டாப்ளர், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. வலியே இல்லாமல் திடீரென்று ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. போனதும் 'நஞ்சு கீழே இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடு. தெரியாமல் கைவிட்டுச் சோதித்தால் ரத்தப்போக்கு அதிகமாகிவிடும்.

நஞ்சு தழும்பில் ஆழமாக ஒட்டியிருப்பதாகவே தெரிந்தாலும், முன்கூட்டித் தெரிவது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று உனக்குத் தெரியாது. வலி வரும்வரை காத்திருக்காமல், பெரும்பாலும் 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறிப்பார்கள். ரத்தம் தயாராக இருக்கும். மயக்க மருந்து டாக்டர், மூத்திரப்பை பாதையைப் பார்க்கிற டாக்டர், குழந்தை டாக்டர் எல்லோரும் பகல் வெளிச்சத்தில் கூடி நிற்பார்கள். அதே பெண் ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தப்போக்கோடு ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போய், அங்கே திறந்து பார்த்துவிட்டு 'எங்களால முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க' என்று அவர்கள் அனுப்பிவிட, எங்களிடம் வருவதையும் பார்த்திருக்கிறேன். நோய் ஒன்றுதான். வந்து சேர்ந்த விதம்தான் வேறு.

நஞ்சு மேலே போய்விட்டது என்று வைத்துக்கொள். அப்போது சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாமா என்று டாக்டரிடம் நீயே கேட்கலாம். ஒரு சிசேரியனுக்குப் பிறகு தகுந்தவர்களாகப் பார்த்து முயற்சி செய்தால் நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. தழும்பு பிரியும் அபாயம் ஆயிரத்துக்கு ஐந்து என்கிற அளவில் உண்டு. ஆகவே எந்த நேரமும் தியேட்டர் திறக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் சீமாங் மையம் என்று சொல்கிறார்களே, அதைப் போன்ற இடத்தில். தாய்வீட்டு ஊரில் வசதி இல்லையென்றால் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்ற சம்பிரதாயத்தை மறந்துவிடு. உன் அம்மா அங்கே வந்து இருக்கட்டும்.

ரத்தத்தைப் பற்றி எத்தனை சொன்னாலும் போதாது. நம் மாநிலத்தில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோகை. ஹெச்.பி. 12 கிராம் இருப்பவளுக்கு ஒரு லிட்டர் ரத்தம் போனாலும் சமாளிப்பாள். 7 கிராமோடு வருகிறவளுக்கு அரை லிட்டரே ஆபத்து. சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதே. அதில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்டாது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல், டிரிப்பாகவே ஏற்றுவார்கள். மாப்பிள்ளை, உங்களுக்கு ஒரு வேலை: ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிற நண்பர்களின் எண்களை இப்போதே குறித்து வையுங்கள்.

கர்ப்பப்பையை எடுப்பது டாக்டரின் முதல் யோசனை அல்ல என்பதும் தெரிந்திருக்கட்டும். வயிற்றைப் பிடித்துவிடுவார்கள், ஆக்ஸிடோசின் கொடுப்பார்கள், வேறு மூன்று நான்கு மருந்தும் உண்டு. ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசியைப் பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் உயிர்கள் பிழைக்கின்றன என்று 21 நாடுகளில் இருபதாயிரம் பெண்களிடம் செய்த ஆய்வு 2017-இல் காட்டியது. டாக்காவில் சயீபா அக்தர் என்ற மகப்பேறு டாக்டர், விலை உயர்ந்த பலூன் வாங்க வழியில்லாத ஊர்களுக்காக ஆணுறையை ரப்பர் குழாயில் கட்டி, உள்ளே வைத்து உப்புநீரால் நிரப்பி ரத்தத்தை நிறுத்திக் காட்டினார். நம் ஆஸ்பத்திரிகளிலும் அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. சியரா லியோனில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்த பி-லின்ச் என்ற டாக்டர் 1997-இல் எழுதி வெளியிட்ட தையல் முறை ஒன்று உண்டு. கர்ப்பப்பையை மேலிருந்து கீழாகச் சுற்றி அழுத்திக் கட்டிவிடும். ரத்தக் குழாயையே கட்டுவதும் உண்டு. இத்தனையும் தோற்கும்போதுதான், அல்லது இத்தனைக்கும் நேரமில்லாதபோதுதான், எடுப்பது. தாமதமாக எடுத்தால் அதுவும் பலிக்காது. அதற்குள் ரத்தம் உறையும் சக்தியையே இழந்திருக்கும்.

அந்தத் தாமதத்தில் எங்கள் பக்கத் தவறும் உண்டு, உங்கள் பக்கத் தவறும் உண்டு. உங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், 'இப்பத்தான் ஒரு பொம்பளைப் பிள்ளை பிறந்திருக்கு, அதை எடுத்துட்டா வம்சத்துக்கு என்ன பண்றது?' என்று கேட்பார்கள். மாமாவுக்குப் போன் போடுவார்கள். மாமா பஸ்ஸில் இருப்பார். 'அவர் வந்ததும் சொல்றோம்.' அந்த நேரமெல்லாம் உள்ளே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன், நிமிடக் கணக்கோடு. மாப்பிள்ளை, பெரிய உயிரா சின்ன உயிரா என்றுகூட அங்கே யாரும் கேட்கவில்லை. குழந்தை ஏற்கெனவே தொட்டிலில் இருக்கிறது. கேட்பது பெரிய உயிரா, ஒரு உறுப்பா என்று.

சட்டப்படி அந்தக் கையெழுத்து உங்களுடையதும் அல்ல, அவளுடையது. 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே இருந்த அவள் தாயின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். அது செல்லாது, அவள் கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்றது கோர்ட். உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்றால் மட்டுமே விதிவிலக்கு. பிரசவ ரத்தப்போக்கு அந்த விதிவிலக்கில் வரும். ஆகவே எட்டாம் மாதத்தில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி, 'அப்படி ஒரு நிலைமை வந்தால் தயங்க வேண்டாம்' என்று டாக்டரிடம் பாப்பாவே தன் வாயால் சொல்லிவிடட்டும். கேஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு பழைய கதை சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. ஒரு காலத்தில் சிசேரியன் செய்தால் தாய் பிழைப்பது அபூர்வம். வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுப்பார்கள், கர்ப்பப்பையைத் தைக்காமலே விட்டுவிடுவார்கள். ரத்தத்தாலும் சீழாலும் அவள் போய்விடுவாள். 1876-இல் இத்தாலியில் பாவியா என்ற ஊரில் எதுவார்தோ போர்ரோ என்ற டாக்டர், இடுப்பெலும்பு குறுகிப்போன ஓர் இளம்பெண்ணுக்குப் பிள்ளையை எடுத்த கையோடு கர்ப்பப்பையையும் எடுத்தார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. கர்ப்பப்பையைத் தைத்துக் காப்பாற்றும் முறையை ஜெர்மனியில் சேங்கர் சொன்னது அதற்குப் பிறகு, 1882-இல். அப்படிப் பார்த்தால், வயிற்றைத் திறந்து பிள்ளை எடுத்த தாய் உயிரோடு வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையை முதலில் கொடுத்தவற்றில் ஒன்று, நீ பேரைக் கேட்டே நடுங்குகிற இந்த ஆபரேஷன்.

எடுத்த பிறகு என்ன ஆகும் என்பதிலும் ஊரில் ஆயிரம் கட்டுக்கதை. சினைப்பையைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதனால் மாதவிடாய் நின்றாலும், உடனே கிழவியாகிவிடுவதில்லை, மீசை முளைப்பதில்லை. தாம்பத்தியம் முடிந்துபோவதும் இல்லை. காயம் ஆற நாள் வேண்டும், அவ்வளவுதான். பால் சுரக்கச் சொல்வது தலைக்குள் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, கர்ப்பப்பை அல்ல. ஆனால் ரத்தம் ரொம்பவே போனவளுக்குச் சில சமயம் அந்தச் சுரப்பி அடிபட்டு, பால் சுரக்காமல், தீராத அசதியோடு கிடப்பாள். அதற்கு ஷீஹன் நோய் என்று பெயர், மருந்து உண்டு. 'பால் இல்லாத ராசி' என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. அவசரத்தில் பல சமயம் கர்ப்பப்பையின் வாயை மட்டும் விட்டுவிட்டு மேல்பகுதியைத்தான் எடுப்பார்கள். அப்படியானால் பிற்காலத்திலும் கர்ப்பப்பை வாய்ப்புற்றுச் சோதனை அவளுக்குத் தேவை. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

மனதுக்கு ஆகும் காயம் தனி. 'உயிர் பிழைச்சியே, அதுக்குச் சந்தோஷப்படு' என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன்தான், ஆனால் அவள் அழும்போது சொல்ல மாட்டேன். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று மனதில் வைத்திருந்தவள் அதற்காக அழத்தான் செய்வாள், ராத்திரியில் தியேட்டர் விளக்கு கனவில் வந்து திடுக்கிட்டு எழுவாள். பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். மாதக்கணக்கில் தீராவிட்டால் மனநல டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

உனக்கு இதெல்லாம் நடக்கப்போகிறது என்று எழுதவில்லை. நடக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். 32 வாரத்து ஸ்கேன் எடுத்த அன்றே ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, ஹெச்.பி. எவ்வளவு என்பதையும் சேர்த்து. பதிந்திருக்கிற ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி இருக்கிறதா, இல்லாவிட்டால் எங்கிருந்து எவ்வளவு நேரத்தில் ரத்தம் வரும் என்று மாப்பிள்ளை இந்த வாரமே போய்க் கேட்டு வரட்டும். சம்பந்தியம்மாவிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிட்டுப் பேசுகிறேன். பக்கத்துத் தெருப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்கப்போகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா